நடக்கிற வேகத்தில்

பிரேக்கை மெதுவாக மிதித்தபோது அது அவள் பாதத்தைத் திருப்பி உதைத்தது. கர்ர் என்று காலுக்கடியில் ஓர் உறுமல். நிற்க வேண்டிய கார் நிற்காமல் இன்னும் இரண்டு மூன்று அடி போய், வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் கடைசியை இடித்துத் தள்ளியது. அதில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுக்காரர் நல்லவேளையாக அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். அவள் கைபிரேக்கை வெடுக்கென்று இழுத்தாள். கார் நின்றது.

பக்கத்து இருக்கையில் சித்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்திலிருந்து வழிநெடுக அழுதுகொண்டு வந்தவளுக்கு அழுகையே மறந்துபோய்விட்டது.

"என்னடி ஆச்சு?"

"அம்மா சொல்லிட்டே இருந்தாளே சித்தி. இந்த உறுமல்தான்."

அம்மா உள்ளே கூடத்தில் பெட்டிக்குள் இருந்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறாள். நாலு மணிக்கு வண்டி வரும், கொண்டுபோய்விடுவார்கள். இப்போது மணி ஒன்றேகால்.

அப்பா படியிறங்கி வந்தார். முப்பது வருஷமாக மெக்கானிக். வண்டியைத்தான் முதலில் பார்ப்பார், வண்டிக்குள் இருக்கிற ஆளை அப்புறம்தான். இன்றைக்கும் அப்படித்தான். குனிந்து பம்பரைத் தடவினார்.

"பம்பருக்கு ஒண்ணும் இல்ல," என்றார். அப்புறம் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "அப்படியே உங்கம்மா மாதிரி ஓட்டுறே."

நாற்காலிகளில் இருந்த ஆண்கள் லேசாகச் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தால் யார்தான் விடுவார்கள். அவளுக்கு உள்ளங்காலில் பிடித்த ஆத்திரம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஒரு ஆள் செத்த மறுநாள்கூட அவளுடைய ஓட்டுதலைக் கேலி பேச இந்த மனுஷனுக்கு எப்படி நாக்கு வருகிறது?

எட்டு மாதமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். வீடுகளுக்குப் போய் ஜன்னலை அளந்து, திரைச்சீலை தைத்து, கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவது அவள் தொழில். துணிச்சுருள்களைப் பின்சீட்டில் படுக்கவைத்திருப்பதால் எங்கே நிறுத்துவதானாலும் தூரத்திலேயே பிரேக்கில் காலை வைத்துவிடுவாள். வண்டி மெல்ல மெல்லத் தணிந்து போய் நிற்கும். அப்பா அப்படியில்லை. சிக்னல் முகத்துக்கு நேரே வரும்வரை விரட்டிக்கொண்டு போய் ஒரே மிதி. அதனால் அவர் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் கார் ஒரு தடவைகூட உறுமியதில்லை.

"லைட்டு எரியுதா? எரியல. அப்ப கம்ப்ளைன்ட் இல்ல," என்பார். டாஷ்போர்டில் ஏபிஎஸ் என்று மஞ்சளாக ஒரு விளக்கு உண்டு. பிரேக் அமைப்பில் கோளாறு என்றால் அது எரிய வேண்டும். எரியவில்லை. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. பட்டறையில் இதை ஒரு வேடிக்கையாகவே ஆக்கிவிட்டார். "என் வீட்டுல ரெண்டு உறுமுது. ஒண்ணு காரு. இன்னொண்ணு, காரு உறுமுதுன்னு சொல்றவ." இதற்கு ஒவ்வொரு தடவையும் யாராவது சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சிரித்திருக்கிறாள்.

கடைசியில், மூன்று மாதத்துக்கு முன்னால், காரை ஒரு நாள் முழுக்கப் பட்டறையில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். "நாலு வீலையும் கழட்டி, வீல் வேகம் பாக்குற சென்சாரையெல்லாம் சுத்தம் பண்ணி மாட்டிட்டேன். இனிமே வாயே திறக்காது."

அதற்கு இரண்டாம் நாள் அம்மா மகளுக்கு ஃபோன் செய்தாள். அந்த ஃபோனைப் பற்றி அவள் இப்போது நினைக்க விரும்பவில்லை.

"அப்பா, பிரேக் உறுமுது. என் காலுல இப்பத்தான் உறுமிச்சு."

"சரி, அப்புறம் பாத்துக்கலாம்."

"இப்பப் பாருங்க."

"இப்பவா? உள்ள உங்கம்மாவ வச்சுக்கிட்டா?"

"அவ வீட்டுல இருக்கறப்பவே பாருங்க. நாலு மணிக்கப்புறம் யாருக்காகப் பாக்கறது?"

சித்தி காரைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்தாள். "பிரேக்காலயாடி போனா? நெஞ்சு அடைச்சுப் போனா. ஏன்டி இந்த நேரத்துல."

அது அவளுக்குத் தெரியாதா? நேற்று ஒரு வீட்டில் ஜன்னல் அளந்துவிட்டுத் திரும்பும்போது அம்மாவுக்கு ஏதோ செய்திருக்கிறது. காரை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறாள். ஜனங்கள் கண்ணாடியைத் தட்டியபோது அளவு நாடா கழுத்தில் தொங்க அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். இதை அப்பா நேற்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, நியூட்ரல் பண்ணி, கைபிரேக்கும் போட்டிருக்கா. வண்டியில ஒரு கீறல் கிடையாது." அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. உயிரோடு இருந்தவரைக்கும் பயந்தாங்கொள்ளி, செத்தபிறகு நல்ல டிரைவர். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கு நான் ஸ்பேனரத் தொட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார் அப்பா.

அவள் டிக்கியைத் திறந்து, அம்மா மடித்து வைத்திருந்த திரைத்துணிகளை ஒதுக்கிவிட்டு, ஜாக்கியை எடுத்தாள். அதை எங்கே முட்டுக்கொடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன. காருக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"இரு பாப்பா. அங்க வச்சா பாடி நசுங்கிடும்."

மீட்டர் எழுந்து வந்தார். பட்டறையில் அப்பாவோடு இருபது வருஷமாக இருக்கும் எலக்ட்ரீஷியன். மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் பெயரே அதுவாகிவிட்டது. சாவு வீட்டுக்கும் சட்டைப் பையில் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

"அண்ணே, நான் பாத்துர்றேன். நீங்க உக்காருங்க," என்றார். பிறகு அவளிடம் திரும்பினார். "நீ சொல்லு. எப்ப வருது?"

இது அவளுடைய கேள்வி. குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் பிரிவில் தினம் எட்டு மணி நேரம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் கேட்கிற முதல் கேள்வி. சத்தம் எப்ப வருதுங்க? கதவைத் திறந்தாவா, மூடினாவா?

"நிக்கப்போறப்ப வருதுங்க மாமா. கடைசி ரெண்டு மூணு அடியில. அதுவும் மெதுவா மிதிச்சாத்தான்."

"ஓங்கி மிதிச்சா?"

"வரல. ரயில்வே கேட்ல ஓங்கி மிதிச்சேன், ஒழுங்கா நின்னுச்சு."

"லைட்டு?"

"எரியல."

மீட்டர் தலையை ஆட்டிக்கொண்டு காரில் ஏறினார். தெருக்கோடி வரை போய், ஆள் நடக்கிற வேகத்தில் திரும்பி வந்தார். வீட்டுக்கு நேரே வந்ததும் கர்ர். நாற்காலியில் இருந்தவர்களுக்கே கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"லைட்டு வரலேன்னா கம்ப்யூட்டர் எல்லாம் சரின்னு சொல்லுதுன்னு அர்த்தம்," என்றார்.

"அதுக்குத் தெரிஞ்சாத்தானேண்ணே சொல்லும்," என்றபடி மீட்டர் இறங்கினார்.

முன்பக்க இடது வீலிலிருந்து தொடங்கினார். நட்டில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். அசையவில்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்றார். அப்போதும் அசையவில்லை. பிறகு அதன்மேல் ஒரு குதி குதித்ததும் கிரீச் என்று துரு உதிர நட்டு விட்டுக்கொடுத்தது. நாலு நட்டுக்கும் நாலு குதி. அத்தனையும் கழன்ற பிறகும் வீல், அதைத் தாங்கும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கீழே படுத்து உள்பக்கமிருந்து எட்டி உதைத்தார்.

"ஸ்பேனரு பட்டு ரெண்டு வருஷமாவது ஆயிருக்கும்," என்றார், வேலை மும்முரத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி நாலு வீலையும் கழட்டினேன்னு சொன்னீங்களேப்பா."

அப்பா உருண்டு கிடந்த ஒரு நட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"கழட்டல. இல்ல?"

"கழுவினேன்," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதோ என்னவோ, "மெழுகும் போட்டேன்," என்றார்.

மெழுகு போட்டாராம். அவளுக்கு அங்கிருந்த ஸ்பேனரை எடுத்து அந்தக் காரின் பளபளப்பைச் சுரண்டி எறிய வேண்டும் போலிருந்தது.

"அவ மனசு சமாதானமாகட்டும்னுதான். கோளாறு இல்லாத வண்டியில எதைன்னு செய்ய? ஏதோ செஞ்சோம்னு சொன்னா பயம் விட்டுடும்னு நெனச்சேன்."

"அவ பயப்படவே இல்லப்பா. உறுமுதுன்னு சொன்னா. உறுமிச்சு. அவ்வளவுதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அழுதுவிடுவோம் என்று தெரிந்திருந்தது. அழுவதற்கு இது நேரமில்லை. "நீங்க சரி பண்ணிட்டேன்னு சொன்னப்புறமும் உறுமினா, அவ என்ன நெனப்பா? தனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சா."

சித்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தே சொன்னாள். "எங்கிட்டயும் அதத்தான் சொன்னா. போன வாரம்கூட, மாடிப்படி ஏறினா நெஞ்சப் பிடிக்குதுன்னா. டாக்டர் ஈசிஜி கிராஃப் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னுட்டாராம். இன்னொரு டாக்டரப் பாருக்கான்னேன். விடு, எனக்குத்தான் இப்பெல்லாம் இல்லாததெல்லாம் தோணுது, காருலயும் அப்படித்தான் தோணுச்சுன்னா."

நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செல்ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மீட்டர்தான் வேலையைத் தொடர்ந்தார். பேச்சு இல்லாத இடத்தில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சென்சார் வயரைப் பிரித்து மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். "ஆயிரத்து நூறு ஓம். சரியாத்தான் இருக்கு." வலது பக்க வயரையும் பார்த்தார். அதுவும் அதேதான்.

அப்பா தலையைத் தூக்கினார். "சென்சார் நல்லாத்தான் இருக்கும்னு சொன்னேன்ல," என்றார்.

இப்போதுகூட! அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மீட்டர் அதைக் காதில் வாங்காமல் இடது பக்கத்துக்கே திரும்பி வந்து, முனைகளை வயரில் மாட்டிவிட்டு ஹப்பைக் கையால் மெல்லச் சுற்றினார். மல்டிமீட்டரில் எண்கள் ஒரே சீராக ஓடின. பாதியில் சட்டென்று விழுந்தன. மறுபடி சுற்றினார். அதே இடத்தில் மறுபடி விழுந்தன. மூன்றாவது தடவையும் அதேதான்.

"ரிங்கு," என்றார்.

ஆக்ஸில் முனையில், சென்சாருக்கு எதிரே, சுற்றிலும் பல் வைத்த ஓர் இரும்பு வளையம் இருந்தது. அந்தப் பற்கள் சென்சாரைக் கடந்து போவதை எண்ணித்தான் வீல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். மீட்டர் கம்பி பிரஷ்ஷால் வளையத்தைத் தேய்த்தார். டார்ச் அடித்தார். துரு போன இடத்தில், இரண்டு பற்களுக்கு நடுவே, தையல் நூல் கனத்துக்கு ஒரு விரிசல்.

"அண்ணே. இங்க வந்து பாருங்க."

அப்பா வந்தார். வெள்ளை உடுப்போடு தெருவில் மண்டிபோட்டார். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கவில்லை, அதனால் கண்ணை நம்பாமல் கட்டைவிரல் நகத்தை வைத்து வளையத்தைச் சுற்றினார். நகம் விரிசலில் மாட்டி நின்றது. எடுத்துவிட்டு மறுபடி சுற்றினார். மறுபடி மாட்டியது. எத்தனை தடவை சுற்றினார் என்று அவள் எண்ணவில்லை.

"உள்ள துரு ஊதி ரிங்கப் பிளந்திருக்கு," என்றார் மீட்டர். "வேகமாப் போறப்ப ஒரு பல்லு எடறுறது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நடக்கிற வேகத்துக்கு வந்துட்டா, இந்த இடம் வர்றப்ப வீலு நின்னே போச்சுன்னு நெனச்சுக்கும். டயரு வழுக்குதுன்னு பிரேக்க விட்டு விட்டுப் பிடிக்கும். அதான் உறுமல். அதப் பொறுத்தவரைக்கும் அது சரியாத்தான் வேலை செய்யுது. அப்புறம் எங்கேருந்து லைட்டு போடும்?" கொஞ்சம் தயங்கினார். "அண்ணி ஓட்டுற மாதிரி ஓட்டினாத்தான் இது கிடைக்கும்ண்ணே. நம்ம யாருக்கும் கிடைக்காது."

அப்பா எழுந்திருக்கவில்லை.

"உள்ள போய்ச் சொல்லுங்க," என்றாள் அவள்.

"யாருகிட்ட?"

"அம்மாகிட்ட."

"போதும்டி," என்றாள் சித்தி.

"போதாது சித்தி."

மணி மூன்றே முக்கால். தெருமுனையில் வண்டி திரும்புவது தெரிந்தது. அப்பா அதைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மீட்டர் நீட்டிய துணியில் கையைத் துடைக்காமல், அப்படியே உள்ளே போனார். அவள் பின்னாலேயே போனாள்.

கூடத்தில் இருந்த பெண்கள் கடைசியாக முகம் பார்க்க வந்திருக்கிறார் என்று எண்ணி வழிவிட்டார்கள். அம்மாவின் தலைமாட்டில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வண்டி கொடுத்தவர்களிடம் என்ன பழுது என்று சொல்வதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் கனைப்பார்.

"லெஃப்ட் ஃப்ரண்ட்டு," என்றார். "ரிங்குல விரிசல். நீ சொன்னது சரிதான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ, பாவம், என்றார்கள்.

"இன்னும் இருக்கு," என்றாள் மகள், கதவருகே நின்று. தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

அப்பா இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விளிம்பைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் கறுப்புக் கறுப்பாக விரல்கள் பதிந்தன.

"கழட்டவே இல்ல. பொய் சொன்னேன். கழுவி மட்டும்தான் குடுத்தேன்."

கேட்டுவிட்டாள். எட்டு மாதமாக அம்மா காதால் கேட்டிருக்க வேண்டியதை மகள் கேட்டுவிட்டாள். ஆத்திரம் இப்போது அடங்க வேண்டும், நியாயமாக. அடங்கவில்லை. அப்பாவின் மேல் கொட்டியது போக மிச்சம் நிறைய இருந்தது. அது யாருக்கு உரியது என்று அவளுக்குத் தெரியும்.

ஆட்கள் வந்து பெட்டியை மூடித் தூக்கினார்கள்.

கார் மூன்று வீலோடு ஜாக்கியில் நின்றது. அதனால் அப்பாவும் அவளும் பெட்டி ஏற்றிய வண்டியிலேயே ஏறிக்கொண்டார்கள். நடுவில் பெட்டி, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். சித்தி மீட்டரோடு பின்னால் ஆட்டோவில் வந்தாள். வண்டி இரண்டு தெரு தாண்டியது.

"நான் குடுத்ததுக்கப்புறமும் உறுமுதுன்னு உங்கிட்டச் சொன்னாளா?" என்று கேட்டார் அப்பா.

"சொன்னா."

"எப்ப?"

"ரெண்டாம் நாளே."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நீ என்ன சொன்னே?"

பொய் சொல்லலாம். சொன்னால் இந்த மனுஷன் நம்பிவிடுவார். முன்பின் தெரியாதவர்களிடம் தினம் எண்பது தடவை, சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன், என்கிறவள். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்த களைப்பு, பஸ் வந்துகொண்டிருந்தது, எல்லாம் உண்மைதான்.

"அப்பா பாத்துட்டாருன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். நீயா எதையாவது நெனச்சுக்காதேன்னு சொன்னேன்."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் அவள் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பாள்.

சிக்னல் சிவப்பானது. ஓட்டுநர் கடைசி நிமிஷம் வரை விரட்டிக்கொண்டு போய் ஓங்கி மிதித்தார். பெட்டி தடதடவென்று முன்னால் நகர்ந்தது. இரண்டு பேரும் பாய்ந்து பிடித்தார்கள்.

அப்பா ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தார்.

"யோவ், மெதுவாப் புடிய்யா. தூரத்துலயே கால வை. அவளுக்கு அப்படித்தான்."

ஓட்டுநர் கண்ணாடி வழியாக ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார்.

அடுத்த சிக்னல் வெகு தூரத்தில் தெரிந்தது. அங்கேயும் பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது. இருந்தும் ஓட்டுநர் இப்போதே பிரேக்கில் காலை வைத்துவிட்டார். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, சாலையோரம் நடந்து போகிறவர்களுக்குச் சமமாக வந்தது. பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. பிறகு இன்னொன்று. பெட்டி அசையாமல் இருந்தது.